பஹ்ரைனைக் கைவிட்ட அமைச்சர்: அர்தெஷிர் ஜாஹெதி – ஒரு நிகழ்வு ஆய்வு

1970 மார்ச் 29. பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் கொண்டாட்டத்தின் பதின்மூன்று நாள் இன்னும் முடியவில்லை. தெஹ்ரானில், ஈரான் நாடாளுமன்றமான மஜ்லிஸில், வெளியுறவு அமைச்சர் அர்தெஷிர் ஜாஹெதி எழுந்து அரசின் அறிக்கையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 41. சாரம் இதுதான்: பஹ்ரைன் மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்பதை ஐ.நா. பொதுச்செயலாளர் கேட்டறியட்டும், வரும் பதிலை ஈரான் ஏற்றுக்கொள்ளும். பதில் என்னவாக இருக்கும் என்பதில் அவையில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருந்திருக்காது. தலைமுறைகளாக 'எங்கள் தீவு' என்று சொல்லிவந்த ஒன்றை, ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காமல் நாடு விட்டுக்கொடுக்கப் போகிறது. அதை நாட்டுக்குச் சொல்லும் வேலை இந்த மனிதருக்கு வாய்த்தது.

இருபதாம் நூற்றாண்டு ஈரானின் வெளியுறவு அமைச்சர்களில் ஜாஹெதியை விடப் படித்தவர்கள் உண்டு, சட்ட நுணுக்கம் அறிந்தவர்கள் உண்டு. ஆனால் இந்த அறிக்கையைப் படித்துவிட்டுப் பதவியில் தொடர்ந்து இருக்க, அன்றைய ஈரானில் அவரைப் போல் வேறு ஒருவரால் முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அதற்குக் காரணமாக நான் பார்ப்பது அவருடைய திறமையை அல்ல, அரசரின் அறைக்குள் தடையின்றிப் போகும் உரிமையை. எட்டு ஆண்டு கழித்து வாஷிங்டனில் அவரைக் கவிழ்த்ததும் அதே உரிமைதான் என்பதால் இந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

யார் இவர்

ஜாஹெதி 1928-ல் தெஹ்ரானில் பிறந்தார். அப்பா ஜெனரல் ஃபஸ்லொல்லா ஜாஹெதி. அம்மா பிர்னியா குடும்பத்துப் பெண். அந்த வீட்டில் பிரதமர், மஜ்லிஸ் தலைவர் என்று பெரிய தலைகள் பலர். படிப்போ வெளியுறவுக்குச் சம்பந்தமே இல்லாதது: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லோகன் ஊரில் உள்ள வேளாண் கல்லூரியில் 1950-ல் பட்டம். திரும்பி வந்து, அமெரிக்க உதவியில் நடந்த 'பாயின்ட் ஃபோர்' கிராம மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தார்.

1953 ஆகஸ்ட் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதெக்கை நீக்கி, ஜெனரல் ஜாஹெதியைப் பிரதமராக நியமிக்கும் ஆணைகளில் ஈரான் அரசர் ஷா கையெழுத்திட்டிருந்தார். ஆகஸ்ட் 15 நள்ளிரவில் ஆணையைக் கொண்டுபோன கர்னல் நஸிரி கைதானார். ஷா பாக்தாதுக்கும், அங்கிருந்து ரோமுக்கும் பறந்தார். திட்டம் படுத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் தெஹ்ரானுக்கு வடக்கே மலையடிவாரத்தில் ஒரு வீட்டில், தலைமறைவாக இருந்த ஜெனரலின் மகன் அமெரிக்க நிருபர்களைச் சந்தித்து, ஷாவின் ஆணையையும் அதன் நகல்களையும் காட்டினார். சட்டப்படி பிரதமர் என் அப்பாதான் என்பது வாதம். அந்தச் செய்தி பரவியது. ஆகஸ்ட் 19-ல் மொசாதெக் வீழ்ந்தார். இதில் சி.ஐ.ஏ.வின் கை இருந்ததை அந்த அமைப்பே 2013-ல் வெளியிட்ட ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஜாஹெதி மட்டும் கடைசிவரை, எழுந்தது ஈரானிய மக்கள்தான் என்றே சாதித்தார்.

அப்பாவின் ஆட்சி நீளவில்லை. 1955-லேயே ஷா அவரைப் பதவியிலிருந்து இறக்கி, ஜெனிவாவுக்கு அனுப்பிவிட்டார். அரியணையைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அரியணைக்கு அருகில் ரொம்ப நாள் நிற்கக் கூடாது என்பது ஷாவின் எழுதாத விதி. மகன் இதைக் கண்ணால் பார்த்தவர். ஆனாலும் விலகிப் போகவில்லை. 1957-ல் ஷாவின் மூத்த மகள் இளவரசி ஷானாஸை மணந்து அரண்மனை மாப்பிள்ளை ஆனார். மறு ஆண்டு மகள் பிறந்தாள். ஷாவுக்கு அவள்தான் முதல் பேத்தி. 1960-ல் அமெரிக்காவுக்குத் தூதர், 1962-ல் பிரிட்டனுக்குத் தூதர். 1964-ல் மணவாழ்க்கை முறிந்தது.

நம் ஊர்க் கணக்குப்படி, மகளோடு உறவு அறுந்தால் மாமனார் வீட்டு வாசல் மூடிவிடும். இங்கே தலைகீழ். விவாகரத்துக்குப் பிறகு, 1966-ன் பிற்பகுதியில்தான் அவர் வெளியுறவு அமைச்சரே ஆனார். மாப்பிள்ளை என்பதால் கிடைத்த நாற்காலி என்ற பேச்சு இதோடு அடிபட்டுப் போகிறது. ஷா அவரிடம் கண்டது வேறு: தனக்கு மாற்றாக ஒருபோதும் நிற்கமாட்டார், தன்னிடம் எதையும் மறைக்கமாட்டார்.

அமைச்சராக அவர் நடந்துகொண்ட விதமும் அப்படியே. பிரதமர் ஹொவெய்தாவை அவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அமைச்சகத்தின் கோப்பு நேரே ஷாவிடம் போகும். அமைச்சரவைக் கட்டுப்பாடு என்று பார்த்தால் இது பெரிய குறை. பஹ்ரைன் விவகாரத்துக்கு அதுவே உதவியது.

சிக்கல்

பஹ்ரைன் 1602 முதல் 1783 வரை பெரும்பாலும் பாரசீக ஆட்சியில் இருந்தது. 1783-ல் அல் கலீஃபா குடும்பம் அதைக் கைப்பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரிசையாக வந்த ஒப்பந்தங்கள் வழியே தீவு பிரிட்டனின் பாதுகாப்புக்குள் போனது. ஈரான் தன் உரிமையை விடவில்லை. 1927-ல் சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) முறையிட்டது. 1932-ல் அங்கே எண்ணெய் கிடைத்த பிறகு குரல் இன்னும் உயர்ந்தது. 1957 நவம்பரில் ஈரான் அமைச்சரவை ஒரு மசோதாவில் பஹ்ரைனை நாட்டின் 14-வது மாகாணமாகவே அறிவித்தது. மஜ்லிஸில் அதற்கு இடமும் ஒதுக்கப்பட்டது. உட்கார ஆள் வரவே இல்லை.

இப்படிப்பட்ட உரிமைகோரல் ஆட்சியாளருக்குச் செலவில்லாத தேசபக்தி. பிரிட்டன் அங்கே இருக்கும்வரை எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் வில்சனின் அரசு, 1971 இறுதிக்குள் சூயஸுக்குக் கிழக்கே இருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்ததும் அந்த வசதி போய்விட்டது. இனிமேல் சொன்னதைச் செய்ய வேண்டும், அல்லது சொன்னதை விழுங்க வேண்டும்.

உரசல் உடனே தொடங்கியது. பஹ்ரைன் ஆட்சியாளர் ஷேக் ஈசாவை சவூதி அரசர் ஃபைசல் ஒரு நாட்டுத் தலைவருக்குரிய மரியாதையோடு வரவேற்றார் என்பதற்காக, 1968 பிப்ரவரியில் திட்டமிட்டிருந்த சவூதிப் பயணத்தை ஷா கடைசி நேரத்தில் ரத்து செய்தார். அதே பிப்ரவரியில் துபாயில் ஒன்பது வளைகுடாச் சிற்றரசுகள் கூட்டாட்சி அமைக்க ஒப்புக்கொண்டன. ஒன்பதில் பஹ்ரைனும் ஒன்று என்பதால் தெஹ்ரான் அதை ஏற்க மறுத்தது.

ஜாஹெதியின் அமைச்சகத்தின் முன் இருந்த வழிகள் அதிகமில்லை. படையெடுக்கலாம்: தீவில் அப்போது சுமார் 2 லட்சம் பேர்தான், ஈரானியக் கடற்படைக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆனால் அரபு உலகம் முழுவதும் ஒரே நாளில் எதிரியாகும், அதோடு எகிப்து அதிபர் நாசருக்குக் கேட்காமலே ஓர் ஆயுதம் கிடைத்துவிடும். உரிமையை வெறும் வாயளவில் வைத்துக்கொண்டே இருக்கலாம்: அப்படிச் செய்தால் பிரிட்டன் போன பிறகு வளைகுடாவின் காவலன் நான்தான் என்று ஷா சொல்லிக்கொள்வதை அண்டை நாடுகள் யாரும் நம்பமாட்டார்கள். கடல் எல்லை ஒப்பந்தங்கள் தடைபட்டு நிற்கும். ஹொர்முஸ் நீரிணை வாயிலில் இருக்கும் அபு மூசா, பெரிய தும்ப், சிறிய தும்ப் தீவுகளைப் பற்றிப் பேசவும் இடமிருக்காது. ஷாவுக்கு உண்மையில் வேண்டியிருந்தவை அந்த மூன்று தீவுகள்தான் என்பது என் கணிப்பு; எண்ணெய்க் கப்பல்கள் போகும் பாதை அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது வழி, மக்களிடமே கேட்பது.

புது தில்லியில் திறந்த கதவு

1969 ஜனவரி 4. இந்தியாவுக்கு வந்திருந்த ஷா புது தில்லியில் செய்தியாளர்களைச் சந்தித்தார். பஹ்ரைன் பற்றிய கேள்விக்கு அவர் சொன்னதன் சுருக்கம்: அந்தத் தீவின் மக்களுக்கு எங்கள் நாட்டோடு சேர விருப்பமில்லை என்றால் நாங்கள் பலத்தைப் பயன்படுத்தமாட்டோம், விரும்பாத மக்களை ஆள்வது என்றால் அங்கே படையை நிரந்தரமாக நிறுத்திக் காவல் காக்க வேண்டும், அதில் என்ன பயன்?

இதை ஏன் தெஹ்ரானில் சொல்லாமல் தில்லியில் சொன்னார்? சொந்த மண்ணில் சொன்னால் அது அறிவிப்பு, உடனே விளக்கம் கேட்பார்கள். வெளியூரில், ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொன்னால் வெள்ளோட்டம். எதிர்ப்பு பலமாக வந்தால் திருத்திக்கொள்ளலாம். எதிர்ப்பு பெரிதாக வரவில்லை.

ஆனால் சொல்வது வேறு, நடைமுறை வேறு. ஈரான் பொது வாக்கெடுப்பு கேட்டது. அல் கலீஃபா குடும்பம் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. வாக்கெடுப்பு என்று ஒப்புக்கொண்டாலே, தீவு யாருடையது என்பதில் சந்தேகம் இருப்பதாக ஒப்புக்கொண்டது ஆகும் என்பது அவர்கள் நிலை. வளைகுடாவில் ஒருமுறை வாக்குப்பெட்டி வைத்தால் அடுத்து எந்த ஷேக்கின் நாற்காலியைப் பற்றிக் கேள்வி வருமோ என்ற பயமும் இருந்தது. பிரிட்டனும் அவர்கள் பக்கம்.

1969 முழுக்க ரகசியப் பேச்சு. தெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதர் டெனிஸ் ரைட். ஈரான் தரப்பில் அமைச்சகத்தின் மூத்த அதிகாரி அமீர் கோஸ்ரோ அஃப்ஷார். அரண்மனைக்குள் அசதொல்லா அலம். சொற்களைச் செதுக்கிய பெருமை அஃப்ஷாருக்குத்தான் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். அரசவை அமைச்சர் அலம் தன் நாட்குறிப்பில் தன் பங்கையும் குறைவில்லாமல் பதிவு செய்திருக்கிறார். அமைச்சர் ஜாஹெதி இந்த வரைவுகளின் சிற்பி அல்ல. அவர் பங்கு, வந்து சேர்ந்த முடிவைத் தன் முடிவாகத் தோளில் ஏற்றிக்கொண்டது.

கிடைத்த சூத்திரம் கெட்டிக்காரத்தனமானது. வாக்கெடுப்பு இல்லை, வாக்குப்பெட்டி இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் தன் 'நல்லெண்ண முயற்சி'யாக ஒரு பிரதிநிதியை அனுப்புவார். அவர் தீவின் சங்கங்கள், மன்றங்கள், அமைப்புகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்களைச் சந்தித்துக் கேட்பார். ஈரான் 'மக்களைக் கேட்டோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஷேக் 'வாக்கெடுப்பு நடக்கவில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் பொய்யில்லை.

1970 மார்ச் 9-ல் ஈரான் ஐ.நா.வில் முறைப்படி கேட்டது. 20-ம் தேதி பிரிட்டன் சம்மதித்தது. ஐ.நா.வின் ஜெனிவா அலுவலகத் தலைவரான இத்தாலியர் வின்ஸ்பியர் குவிச்சார்தி மார்ச் 30-ல் மனாமாவில் இறங்கினார். ஜாஹெதி மஜ்லிஸில் அறிக்கை படித்த மறுநாள் அது. அதாவது நாட்டின் பிரதிநிதிகள் விவாதிக்கத் தொடங்கும் முன்பே விமானம் கிளம்பிவிட்டது.

ஏப்ரல் 18 வரை குவிச்சார்தி தீவில் இருந்தார். அமைப்புகளைத் தவிர, தனி ஆட்களும் வந்து பேசலாம் என்று வழிவிட்டிருந்தார். அவர் அறிக்கையின் முடிவு: பஹ்ரைன் மக்களில் மிகப் பெரும்பான்மையினர், பிற நாடுகளோடான உறவைத் தாமே தீர்மானிக்கும் முழுச் சுதந்திரமும் இறையாண்மையும் கொண்ட நாடாகத் தம் அடையாளம் ஏற்கப்பட வேண்டும் என்று விரும்புகிறார்கள். மே 11-ல் பாதுகாப்பு மன்றம் 278-வது தீர்மானமாக இதை ஒருமனதாக ஏற்றது.

அவையில் நடந்தது

ஈரானில் எதிர்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. மஜ்லிஸில் மொஹ்சென் பெஸெஷ்க்பூர் தலைமையிலான பான்-ஈரானிஸ்ட் கட்சி சிறு குழுதான். ஆனால் அரசை வெளிப்படையாகக் கண்டித்து, விளக்கம் கோரும் தீர்மானமும் கொண்டுவந்தது. ஷாவின் மஜ்லிஸில் அப்படி ஒரு காட்சி அபூர்வம். மே 14-ல் நடந்த வாக்கெடுப்பில் எதிர்த்து விழுந்தவை நான்கு வாக்குகள். செனட்டும் சில நாளில் தலையாட்டியது. அவைக்கு வெளியே எதிர்த்த தேசியவாதி தரியூஷ் ஃபொரூஹருக்கோ சிறை.

இதை ஓர் அருமையான ஜனநாயக முடிவு என்று சிலர் எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். பஹ்ரைனியர்களிடம் கருத்துக் கேட்கச் சொன்ன அரசு, ஈரானியர்களிடம் கேட்கவில்லை. இருந்தாலும் முடிவு சரியானது. சரியான முடிவு சரியான முறையில்தான் வரும் என்று விதி எதுவும் இல்லை.

ஜாஹெதியின் இடம் இங்கேதான் விளங்குகிறது. அமைச்சகத்தில் படிப்படியாக மேலே வந்த ஓர் அதிகாரி இந்த அறிக்கையைப் படித்திருந்தால் 'பிரிட்டிஷ்காரனின் கையாள்' என்ற பட்டம் அன்று மாலையே கிடைத்திருக்கும். ஈரான் அரசியலில் அதைவிடக் கொடிய பட்டம் கிடையாது. ஹொவெய்தா படித்திருந்தால் பிரதமர் தவறிவிட்டார் என்று ஆளை மாற்றச் சொல்லியிருப்பார்கள். ஜாஹெதி வாயைத் திறந்தால் அது ஷா பேசுவது என்று எல்லோருக்கும் தெரியும். அவரைத் தாக்குவது அரசரைத் தாக்குவது. அரண்மனையின் கவசத்தைப் போட்டுக்கொண்டு அவர் தோல்வியைச் சுமந்தார். தோல்வியின் பெயர் அரசர் மேல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவும் அவரால் முடிந்தது.

1971 ஆகஸ்டில் பஹ்ரைன் சுதந்திரம் அறிவித்தபோது முதலில் அங்கீகரித்த நாடுகளில் ஈரானும் ஒன்று. அதற்கு முன்பே, ஜூனில், இரு நாடுகளும் கடலடி எல்லையை வரைந்து கையெழுத்திட்டிருந்தன. அந்தக் கோடு அதன்பின் வந்த புரட்சியையும் போரையும் தாண்டி நிற்கிறது. செப்டம்பரில் ஜாஹெதி பதவி விலகினார். ஹொவெய்தாவோடு இருந்த பகை அளவுக்கு மீறிப் போயிருந்தது. நவம்பர் 30-ல் ஈரானியப் படைகள் அபு மூசாவிலும் இரண்டு தும்ப் தீவுகளிலும் இறங்கியபோது அமைச்சர் நாற்காலியில் அப்பாஸ் அலி கலத்பரி இருந்தார்.

வாஷிங்டன்: அதே சாவி, வேறு பூட்டு

1973-ல் ஜாஹெதி இரண்டாம் முறை அமெரிக்கத் தூதரானார். எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறிய காலம். மாசசூசெட்ஸ் அவென்யூவில் இருந்த ஈரானியத் தூதரகத்தின் விருந்துகள் ஊர்ப்பேச்சு: கேவியார், ஷாம்பெய்ன், ஹாலிவுட் நட்சத்திரங்கள், செனட்டர்கள். இதை வைத்தே அவரை வெறும் விருந்துப் பிரியர் என்று ஒதுக்குபவர்கள் 1977 மார்ச்சை மறந்துவிடுகிறார்கள். ஹனஃபி முஸ்லிம் குழு ஒன்று வாஷிங்டனில் மூன்று கட்டடங்களைப் பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிணைக்கைதிகளாக வைத்திருந்தது. ஒரு வானொலி நிருபர் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தார். ஜாஹெதி, எகிப்தின் அஷ்ரஃப் கோர்பால், பாகிஸ்தானின் யாகூப் கான் ஆகிய மூன்று தூதர்களும், குழுவின் தலைவர் காலிஸ் பிடித்து வைத்திருந்த கட்டடத்துக்கே போய் அவர் எதிரில் உட்கார்ந்தார்கள். குர்ஆன் வசனங்களைப் பேசிப் பேசியே மணிக்கணக்கில் அவரைத் தணித்தார்கள். கைதிகள் விடுவிக்கப்பட்டனர். எந்த அமைச்சகக் குறிப்பும் கற்றுத்தராத வேலை அது.

1978 வேறு கதை. ஈரானில் ஷாவை எதிர்த்துத் தெருவில் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. புற்றுநோய் இருப்பதை மறைத்துக்கொண்டிருந்த ஷாவால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. தெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் தூதர் சல்லிவன், ஷா இல்லாத ஈரானைப் பற்றியும் யோசிக்க வேண்டும் என்று நவம்பர் 9-ல் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். அதிபர் கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கிக்கு இந்த வகைச் செய்தி பிடிக்கவில்லை. அவர் ஜாஹெதியோடு நேரடியாகப் பேசினார். ஜாஹெதி தெஹ்ரானுக்குப் போய் ஷாவை உறுதியாக நிற்கச் சொன்னார். ஒரே நாட்டைப் பற்றி அமெரிக்க வெள்ளை மாளிகைக்கு இரண்டு குழாய் வழியே இரண்டு விதச் செய்தி. சல்லிவன் தன் நினைவுக்குறிப்பில் இதைக் கசப்போடுதான் எழுதியிருக்கிறார்.

பஹ்ரைன் விஷயத்தில் ஷா முடிவெடுத்துவிட்டார்; ஜாஹெதி அதைச் சுமந்தார். 1978-ல் சுமப்பதற்கு முடிவு என்று எதுவும் இல்லை. அரசரின் மனம் காலியாக இருந்தபோது, அவர் குரலாகப் பழகியவர் தன் கருத்தையே அரசரின் கருத்தாக வாஷிங்டனுக்குக் கொடுத்தார். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் அவசரமும் பிரெசின்ஸ்கியிடம் இல்லை. 1953-ல் ஒரு முறை எல்லாம் முடிந்தது என்ற நிலையிலிருந்து நான்கு நாளில் கதை திரும்பியதைக் கண்ட மனிதர் ஜாஹெதி. மீண்டும் அப்படி நடக்கும் என்று அவர் மனதார நம்பியிருக்க வேண்டும். அன்று தெருவுக்கு வந்தது ஒரு நகரத்தின் சில பகுதிகள். இம்முறை வந்தது நாடு.

1979 ஜனவரி 16-ல் ஷா வெளியேறினார். ஏப்ரலில் ஹொவெய்தா கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து கலத்பரியும் கொல்லப்பட்டார். மேலிருந்து வந்த ஆணைகளை ஏழு ஆண்டு ஒழுங்காக நிறைவேற்றிய, பாரிஸில் படித்த அமைதியான அதிகாரி அவர். ஜாஹெதி நாடு நாடாக அலைந்த ஷாவோடு கடைசிவரை நின்று, பிறகு சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவில், அப்பா வாங்கிய வீட்டில் வாழ்ந்து 2021 நவம்பரில் 93 வயதில் இறந்தார். முடியாட்சி ஆதரவாளர்களையே எரிச்சல்படுத்தும் அளவுக்கு, முதுமையில் அவர் ஈரான் மீதான அமெரிக்கத் தடைகளையும் மிரட்டல்களையும் வெளிப்படையாக எதிர்த்தார். ஈரானின் அணுசக்தி உரிமைக்காகவும் வாதாடினார். பஹ்ரைனைப் பற்றிய பழி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், பிரிட்டனிடமிருந்து எடுக்கவே முடியாமல் இருந்த ஒன்றை எப்படி இழக்க முடியும் என்ற வகையில்தான் ஜாஹெதி தரப்பினர் பதில் சொல்லிவந்தார்கள். வாதம் பலமானதுதான், 1957-ல் அதை 14-வது மாகாணம் என்று அறிவித்தது ஏன் என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.